பயணம் சொல்லப் போன வீடுகள்



வெளிநாடு புறப்படும் குடும்பம், அதற்கு முன் உறவினர் வீடுகளுக்கெல்லாம் போய் ஸலாம் சொல்லி, "ஏதும் பிழை நடந்திருந்தா மாப்புச் செஞ்சுக்குங்க, எங்களுக்காக துஆ கேளுங்க" என்று விடைபெறுவது எங்கள் பக்கத்து வழக்கம். இதைப் 'பயணம் சொல்லுதல்' என்போம். கப்பலேறி ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் இது வெறும் சம்பிரதாயமாக இருக்கவில்லை. போகிறவர் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஆகவே கடனைக் கொடுத்து முடித்து, பேசாதிருந்தவரோடு பேசி, கஃபன் துணியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டார்கள். இன்றோ கொழும்பில் விமானம் ஏறினால் நாலு மணி நேரத்துக்குள் மலேசியாவில் இறங்கிவிடலாம். இறங்கியதும் கைத்தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். பயணம் சொல்லும் வழக்கம் மிஞ்சியிருக்கிறது. அதற்குள் இருந்த பொருள் மெல்ல மெல்லக் கழன்றுவிட்டது.

இதை நான் பிறரைக் குறை சொல்ல எழுதவில்லை. என் சொந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பதுளையில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் மௌலவி ஆசிரியன். 2022ஆம் ஆண்டில் எங்கள் நாடு பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, கடவுச்சீட்டுக்கும் வரிசை. அந்த செப்டெம்பரில் விலைவாசி ஒரே ஆண்டில் 70 சதவீதம் அளவுக்கு ஏறியிருந்தது. சம்பளமோ இருந்த இடத்திலேயே இருந்தது. அரச ஊழியர் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து ஆண்டுகள் வரை வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே 2022 ஜூனில் சுற்றறிக்கை விட்டது. பினாங்கில் தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க ஓராண்டுக்கு ஓர் உஸ்தாத் தேவை என்று நண்பர் ஒருவர் மூலம் அழைப்பு வந்தது. குடும்பத்தோடு வரலாம், வீடும் தருவோம் என்றார்கள். இஸ்திகாரா தொழுதேன், நிய்யத் வைத்தேன். 2023 பெப்ரவரியில் பயணம் என்று முடிவாயிற்று.

பதினொரு வீடுகள்

என் மனைவி எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள். மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, பயணம் சொல்லப் போகவேண்டிய வீடுகளை வரிசையாக எழுதினாள். பதுளை நகரத்தில் ஐந்து, ஹாலிஎலயில் ஒன்று, பண்டாரவளையில் இரண்டு, ஹப்புத்தளையில் ஒன்று, பசறையில் ஒன்று, லுணுகலையில் ஒன்று. ஆக மொத்தம் பதினொன்று. கியூ.ஆர். அட்டைக்குக் கிடைக்கும் எரிபொருளைக் கணக்குப் பார்த்து, மச்சினனின் முச்சக்கர வண்டியிலும் பஸ்ஸிலுமாகப் போய்வரத் திட்டமிட்டோம்.

"யாரும் சமைக்க வேண்டாம், ஒரு தேத்தண்ணி போதும்" என்று முன்கூட்டியே சொல்லியனுப்பினோம். யார் கேட்டார்கள்? ஒரு வீட்டில் சஹன் வைத்துப் புரியாணி. இன்னொரு வீட்டில் இடியப்பம், கோழிக்கறி, வட்டிலப்பம். அரிசியும் தேங்காயும் விற்ற விலையில் இவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று எண்ணும்போது ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்றது. ஹப்புத்தளையிலிருக்கும் சாச்சி நல்ல தேயிலை இரண்டு கிலோ கட்டிவைத்திருந்தார். பண்டாரவளை மாமி மாசிச் சம்பல் இடித்துப் போத்தலில் அடைத்துத் தந்தார். விமானத்தில் இவ்வளவு நிறைதான் கொண்டுபோகலாம் என்று சொன்னால், "உங்கட உடுப்பைக் குறைச்சுக்குங்க" என்றார்!

ஒவ்வொரு வீட்டிலும் புறப்படும்போது நான் எழுந்து நின்று அதே வார்த்தைகளைச் சொன்னேன். "ஏதும் பிழை நடந்திருந்தா மாப்புச் செஞ்சுக்குங்க." அவர்களும் உடனே, "அப்படி என்ன பிழை, நீங்கதான் எங்களுக்கு மாப்புத் தரணும்" என்றார்கள். பிறகு துஆ, முஸாபஹா, வாசல் வரை வழியனுப்பல். ஐந்தாறு வீடுகள் முடிந்தபோது அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து தாமாகவே வந்தன. உண்மையில் அந்த வீட்டாருக்கு நான் எந்தப் பிழையும் செய்திருக்கவில்லை. பிழை செய்யாத வீடுகளில் மாப்புக் கேட்பதற்கு என்ன கஷ்டம்?

ஒன்பதாவது வீட்டுக்குப் போய்வந்த இரவு, கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்த மனைவி தலை நிமிராமலே கேட்டாள்:

"மதினிட வீட்டுக்கு எப்ப போறது?"

மதினி என்று அவள் சொன்னது என் தாத்தாவை. தமிழகத்து வாசகிகள் குழம்பவேண்டாம். எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரியைத் 'தாத்தா' என்போம். எனக்கு எட்டு வயது மூத்தவர். வாப்பாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். தாத்தா வாழ்க்கைப்பட்டிருப்பது வெலிமடைக்கு அப்பால் குருத்தலாவையில். உருளைக்கிழங்கும் மரக்கறியும் விளையும் ஊர். மச்சான் தோட்டம் செய்கிறார்.

"போன்ல சொல்லிக்கலாம். வெலிமடைக்குப் போய்வர ஒரு நாள் போயிரும்" என்றேன்.

லுணுகலைக்குப் போக நாள் இருந்தது. ஹப்புத்தளைக்குப் போக நாள் இருந்தது. கூடப்பிறந்தவளின் வீட்டுக்கு மட்டும் நாள் இல்லை. மனைவி ஒன்றும் பேசவில்லை. கொப்பியின் அடியில் பன்னிரண்டு என்று இலக்கமிட்டு, பெயர் எழுதாமல் விட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

300 ரூபாய்

பதினோராவது வீட்டுக்குப் போன நாளில், பசறையிலிருந்து மலையேறி நான் பிறந்த தோட்டத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட எண்ணினோம். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர்களைக் கொண்டுவந்தபோது, அவர்களுக்கு அரிசி, துணி, எண்ணெய் விற்க வணிகர்களும் மலையேறினார்கள். அப்படி ஏறிய குடும்பம் எங்களுடையது. தோட்டத்துச் சந்தியில் வாப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை. மாதம் முழுவதும் கடனுக்குக் கொடுப்பார். சம்பள நாளில் கொப்பியைப் பார்த்துக் கணக்கு முடிப்பார்கள். 1996இல் அந்தக் கடையை மூடிவிட்டு நகரத்துக்கு வந்து, பதுளையில் வீட்டோடு சேர்த்து ஒரு கடை அறையும் கட்டினார்.

கடை இருந்த இடத்தில் இப்போது தகரக் கொட்டகை ஒன்று நிற்கிறது. மேலே லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவர். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. உம்மாவுக்கு உடம்புக்கு முடியாத நாட்களில் என்னையும் அங்கேதான் விடுவார்களாம். எங்களைக் கண்டதும் பாட்டி கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு, "கடைக்கார நானா மவனா?" என்றார். பாயை விரித்து உட்கார வைத்து, சர்க்கரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். என் மகளின் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"கடல் தாண்டிப் போறீங்களாமே" என்றார்.

"ஒரு வருசம்தான் பாட்டி. இன்ஷா அல்லாஹ் வந்துருவோம்."

பாட்டி எழுந்து உள்ளே போனார். பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. ஒரு துணி முடிச்சோடு வந்து, அதை அவிழ்த்து, மூன்று நூறு ரூபாய்த் தாள்களை என் கையில் வைத்தார்.

"என்ன பாட்டி இது? பிள்ளைக்கா?"

"இல்ல சாமி. இது ஒங்க அப்பா காசு. கடைய மூடுன மாசம் அரிசி, மாவு, மண்ணெண்ணெ வாங்குன பாக்கி. அப்பறம் கேட்டதுக்கு, இருக்கட்டும் தங்கச்சின்னாரு. டவுனுக்கு வாறப்ப எல்லாம் நெனப்பேன். காசு இருந்தப்ப வரல்ல, வந்தப்ப காசு இல்ல. அவரு மோசம் போயிட்டாருன்னு பின்னாலதான் தெரிஞ்சிச்சு. நீங்களும் போறீங்க. நானும் இன்னொரு பயணத்துக்கு நிக்கிறேன். கணக்கு முடிச்சிரணும்."

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயானதே 2021 மார்ச்சில்தான். அதுவும் வேலைக்குப் போகிறவர்களுக்கு. பாட்டி வேலையை விட்டுப் பல வருடங்கள். 27 ஆண்டுகளாகக் கடனை நெஞ்சில் சுமந்திருக்கிறார். "வேண்டாம் பாட்டி, வாப்பா எப்பவோ விட்டிருப்பார்" என்று திருப்பிக் கொடுத்தேன். பாட்டி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீங்க வாங்கிக்கலன்னா எனக்கு நிம்மதி இல்ல சாமி" என்றார். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மலையிறங்கும்போது என் மகன் கேட்டான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. "வாப்பா, அந்தக் காசு உங்கடயா, அப்பாடயா?" பிள்ளைகள் என் வாப்பாவை அப்பா என்பார்கள்.

பாடம் நடத்துகிற பழக்கத்தில் வாயில் பதில் வந்துவிட்டது. "மௌத்தானவருக்கு வரவேண்டிய கடன் வந்தால் அது அவருடைய வாரிசுகளுக்குச் சேரும். ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு. இந்த 300 ரூபாயில் 200 எனக்கு, 100 உங்கட மாமிக்கு."

சொல்லி முடித்ததும் என் வாய் அப்படியே மூடிக்கொண்டது. மனைவி என்னைப் பார்த்தாள். நான் தேயிலைச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கேட்காமல் வாங்கிய சம்மதம்

இப்போது உங்களிடம் மறைக்காமல் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

உம்மா 2006இலும் வாப்பா 2009இலும் வஃபாத்தானார்கள். வாப்பா விட்டுச் சென்றது பதுளை வீடும், அந்தக் கடை அறையும். நாற்பதாம் நாள் முடிந்து, குடும்பத்துப் பெரியவர்கள் முன்கூடத்தில் உட்கார்ந்தார்கள். "மகளுக்குத்தான் கலியாணத்தில் நகையும் காசுமாகக் கொடுத்தாச்சே. இனி இருக்கிறது மகனுக்கு" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தார்கள். கதவுக்குப் பின்னால் தாத்தா நின்றார். "என்ன பிள்ளை, சரிதானே?" என்று ஒருவர் குரல் கொடுத்தார். "சரி" என்று உள்ளிருந்து சன்னமாக ஒரு பதில் வந்தது. அடுத்த கிழமை நொத்தாரிஸ் முன்னால் தாத்தா கையெழுத்துப் போட்டார். உறுதி என் பெயருக்கு வந்தது.

அந்தச் சபையில் சட்டம் படித்தவன் நான் ஒருவன்தான். அரபுக் கல்லூரியில் வாரிசுரிமைப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்தவன். பெற்றோர் விட்டுச் செல்வதில் ஆணுக்கும் பங்குண்டு, பெண்ணுக்கும் பங்குண்டு, அது கொஞ்சமானாலும் அதிகமானாலும் விதிக்கப்பட்ட பங்கு என்று ஸூரத்துன் நிஸாவில் அல்லாஹ் சொல்லியிருப்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் விளக்குகிறவன். தந்தை உயிரோடு இருக்கும்போது மகளுக்குக் கொடுத்த அன்பளிப்பு, அவர் மௌத்தான பிறகு அவளுக்குரிய பங்கைக் கழித்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். எங்கள் நாட்டுச் சட்டத்திலும், 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரணசாசனமற்ற உரிமைப் பேறு பற்றிய 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், அவரவர் மத்ஹபுப்படி பங்கு பிரிக்கச் சொல்கிறது. எல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

"தாத்தா மனமொப்பித்தானே விட்டுக்கொடுத்தார்" என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். வாரிசு தன் பங்கை விரும்பி விட்டுக்கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் பத்து ஆண்கள் கூடியிருக்கும் சபையில், கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண் வெட்கத்தாலும் பயத்தாலும் சொல்லும் 'சரி' மனமொப்பிய சம்மதம் ஆகுமா? வெட்கத்துக்காகக் கொடுத்ததை விருப்பத்தோடு கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று நம் இமாம்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

தாத்தா அதன் பிறகு என்னோடு சண்டை பிடிக்கவில்லை. பெருநாளைக்குத் தொலைபேசியில் ஸலாம் சொல்வார். கலியாணம், மௌத்து என்றால் பொது இடத்தில் சந்திப்போம். ஆனால் 2009க்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. "பஸ் கஷ்டம்", "தோட்டத்தில வேலை" என்பார். நானும் அதை நம்புவதுபோல் இருந்துகொண்டேன்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பயண ஒழுக்கங்களை எழுதும்போது முதலாவதாகச் சொல்வது எதை? மூட்டை கட்டுவதையா, நல்ல நாள் பார்ப்பதையா? இல்லை. பிறரிடம் அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடு, கடனைத் தீர், உன் பொறுப்பில் உள்ளவர்களின் செலவுக்கு வழி செய், அமானிதங்களை உரியவரிடம் சேர் என்று தொடங்குகிறார்கள். இந்தப் பாடத்தையும் நான் எத்தனையோ முறை பயானில் சொல்லியிருக்கிறேன். எழுத்தறியாத ஒரு பாட்டி அதைச் செய்துகாட்டினார்.

அன்றிரவு நான் கொப்பியை எடுத்து, பன்னிரண்டாம் இலக்கத்துக்கு நேரே தாத்தாவின் பெயரை எழுதினேன்.

குருத்தலாவையில்

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டோம். ஹாலிஎல, அட்டம்பிட்டிய, வெலிமடை என்று வளைந்து வளைந்து போகும் பாதை. குருத்தலாவையில் இறங்கியபோது பனிமூட்டம் விலகவில்லை. நாங்கள் வருவதாக அறிவிக்கவில்லை. தாத்தா முற்றத்தில் சாக்கு விரித்து விதைக் கிழங்கு தெரிந்துகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்தபடி எழுந்தவர், முதலில் என் பிள்ளைகளைத்தான் அணைத்துக்கொண்டார். தலைமுடி நரைத்துவிட்டிருந்தது. எப்போது இவ்வளவு நரைத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

தேத்தண்ணி வந்தது. மச்சானும் தோட்டத்திலிருந்து வந்து உட்கார்ந்தார். நான் சட்டைப் பையிலிருந்து 100 ரூபாயை எடுத்துத் தாத்தாவிடம் நீட்டி, பாட்டியின் கதையைச் சொன்னேன். தாத்தா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "பிள்ளைக் காம்பராப் பாட்டியா? இன்னும் இருக்காவா? உன்னைத் தூக்கிக்கொண்டு போய் விடுறது நான்தானே" என்றார். சிரிப்பு பாதியிலே நின்று கண் கலங்கியது. வீட்டில் யாரும் பேசவில்லை.

பதினொரு வீடுகளில் சரளமாகச் சொன்ன வார்த்தை அங்கே எனக்கு வரவில்லை. நா வறண்டுபோயிற்று. ஒருவாறு, "தாத்தா, இந்த நூறு ரூபா மாதிரி இன்னும் நிறைய உங்கட பங்கு என்னிடம் இருக்கு. மாப்புக் கேட்க வந்தேன்" என்றேன்.

தாத்தா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாப்பு எப்பவோ தந்துட்டேன் தம்பி. அல்லாஹ்விடமும் சொல்லிட்டேன். சொத்துக்காக நான் வராம இருக்கல்ல. அன்டைக்கு எல்லாரும் எனக்குச் சொன்னாங்க. ஒருத்தரும் என்னைக் கேக்கல்ல. நீயாவது உள்ள வந்து, 'தாத்தா, உங்களுக்கு என்ன விருப்பம்' என்டு ஒரு வார்த்தை கேட்பாய் என்டு கதவுக்குப் பின்னால நின்டுகொண்டிருந்தேன். கேட்டிருந்தா நானே தந்திருப்பேன். அதுக்குப் பிறகு அது வாப்பாட வீடில்ல, தம்பிட வீடு என்டு ஆயிட்டு. தம்பிட வீட்டுக்கு அழைக்காம எப்படி வாறது?"

சகோதரிகளே, நாற்பது வயது கடந்த நான் அந்தக் கூடத்தில் சிறுபிள்ளைபோல் அழுதேன். என் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்ததும் நல்லதுக்கே என்று இப்போது நினைக்கிறேன்.

முதல் நாள் இரவே மனைவியும் நானும் பேசி முடிவு செய்திருந்தோம். வீடு, கடை இரண்டின் மதிப்பையும் பார்த்தால், கடை அறை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடவே வரும். அதைத் தாத்தாவின் பெயருக்கு எழுதுவது. 2009இலிருந்து அந்தக் கடைக்கு வந்த வாடகையில் தாத்தாவுக்குரிய மூன்றில் ஒன்றையும் கணக்குப் பார்த்து, பினாங்கில் கிடைக்கும் சம்பளத்தில் மாதாமாதம் அனுப்புவது. சொல்வது இலேசு. அந்தக் கடை வாடகையை நம்பித்தான் சம்பளமில்லா விடுமுறையில் போகத் துணிந்திருந்தோம். திரும்பி வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. "ஹராமான காசில் வாங்கின மாவில் எத்தனை நாள் ரொட்டி சுட்டிருக்கேனோ, இனியாவது நிம்மதியாச் சுடுவேன்" என்றாள் மனைவி. அதற்கு மேல் அதைப்பற்றிப் பேச்சில்லை.

தாத்தா முதலில் மறுத்தார். "பயணம் போற நேரத்தில இதெல்லாம் எதுக்கு? பிள்ளைகளுக்குச் செலவிருக்கு" என்றார். மனைவிதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மதினி, இது நாங்க தாற இல்ல. உங்கடதைத் திருப்பித் தாறது. நீங்க என்ன சொல்றீங்க என்டு கேட்கத்தான் வந்தோம்" என்றாள். 'கேட்கத்தான் வந்தோம்' என்ற சொல் தாத்தாவின் மனதைத் தொட்டிருக்கவேண்டும். மச்சானின் முகத்தைப் பார்த்தார். மச்சான், "உங்கட வாப்பாட சொத்து. நீங்கதான் சொல்லணும்" என்றார். கொஞ்ச நேரம் பேசாதிருந்த தாத்தா, "சரி" என்றார். இந்தச் 'சரி' அந்தச் 'சரி' போல் இருக்கவில்லை. காதுக்கு நன்றாகக் கேட்டது.

புறப்படுமுன்

அடுத்த கிழமை நொத்தாரிஸிடம் போய் உறுதி எழுதினோம். பயணத்துக்கு முதல் நாள் மாலை, பதுளை பஸ் நிலையத்திலிருந்து தாத்தா ஒரு பையோடு நடந்து வந்தார். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும், வரட்டுமா?" என்றார். "உங்கட வாப்பாட வீட்டுக்கு வரக் கேட்கணுமா தாத்தா?" என்றேன். உள்ளே வந்து உம்மாவின் அலுமாரியைத் தொட்டுப் பார்த்தார், வாப்பா உட்காரும் கதிரையைத் தொட்டுப் பார்த்தார், பிறகு நேரே குசினிக்குள் போய்விட்டார். அன்றிரவு எங்களுக்குச் சமைத்தது தாத்தாதான். பன்னிரண்டு வீட்டுப் பயணச் சாப்பாட்டில் அன்று வைத்த பருப்புக்கறிதான் இன்றும் நாக்கில் நிற்கிறது.

காலையில் ரயிலேறினோம். பதுளை ரயில் நிலையத்தோடு மலைநாட்டுப் பாதை முடிந்துவிடுகிறது. 1924இல் இங்கு வந்து சேர்ந்த தண்டவாளம் இதற்கு மேல் போகவில்லை. அந்தக் கடைசி மேடையில் உறவினர்கள் கூடி நின்றார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்கள், பயணம் போகிறவரை அருகில் அழைத்து, நபி (ஸல்) அவர்கள் வழியனுப்பியது போலவே வழியனுப்புவார்கள் என்று திர்மிதியில் வருகிறது. அவருடைய தீனையும், அவரிடமுள்ள அமானிதத்தையும், அவருடைய செயல்களின் முடிவையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் துஆ அது. அமானிதம் என்ற சொல் அந்த துஆவில் ஏன் வருகிறது என்று எத்தனையோ முறை ஓதிய எனக்கு அன்றுதான் உறைத்தது. தாத்தாவுக்கு அரபு துஆ தெரியாது. ஜன்னல் வழியே என் தலையில் கைவைத்து, "உங்களை அல்லாஹ்விட பொறுப்பில விட்டுட்டேன் தம்பி" என்றார். கருத்து அதேதான்.

அதே மேடையின் ஒரு மூலையில், பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு ஓர் இளம் பெண் தனியாக நின்றாள். கைக்குழந்தையோடு ஒரு முதியவள் பக்கத்தில். வளைகுடா நாட்டுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாக இரண்டு வருட ஒப்பந்தத்தில் போகிறாளாம். அவளுக்கு யார் வீட்டில் பயணச் சாப்பாடு கொடுத்தார்கள்? ஓராண்டுக்குக் குடும்பத்தோடு போகும் எனக்குப் பன்னிரண்டு வீட்டில் விருந்து. பிள்ளையை விட்டுப்போகும் அவளுக்கு வழியனுப்ப ஒருவர். மனைவி மாசிச் சம்பல் போத்தலொன்றை எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். எங்களால் அப்போது முடிந்தது அவ்வளவுதான். நம் ஊர்களிலிருந்து இப்படிப் போகும் சகோதரிகளுக்கும், அவர்கள் விட்டுச்செல்லும் பிள்ளைகளுக்கும் நாம் எந்த அளவுக்கு உறவாக இருக்கிறோம் என்பதை நாம் யோசிக்கவேண்டும்.

2024இல் திரும்பி வந்தோம், அல்ஹம்துலில்லாஹ். வாடகைப் பாக்கி முழுவதும் 2025 நடுப்பகுதியில் முடிந்தது. அந்த நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. எங்கள் மலைகள் இரக்கம் காட்டுவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாங்கள் மறக்கவில்லை. இம்முறை மாவட்டத்தின் பல இடங்களில் மலை சரிந்தது. அதிக உயிர்களை இழந்த மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. பாதைகள் அறுந்தன, ரயில் பாதையும் அறுந்தது. குருத்தலாவைக்கு இரண்டு நாட்கள் தொலைபேசி கிடைக்கவில்லை. அந்த இரண்டு இரவுகளும் தொழுகைப் பாயிலேயே கழிந்தன. மூன்றாம் நாள் தாத்தாவின் குரல் கேட்டது. "நாங்க சலாமத். நீங்க எப்படி தம்பி?" பயத்தில் நடுங்கிய அந்த இரவுகளிலும் என் நெஞ்சில் ஒரு பாரம் மட்டும் இருக்கவில்லை. அதை 2023இலேயே இறக்கி வைத்திருந்தேன். அன்று போகாமல் விட்டிருந்தால் அந்த இரவுகளை எப்படிக் கடந்திருப்பேன் என்று எண்ணிப் பார்க்கவும் அச்சமாக இருக்கிறது.

பாட்டியும் இருக்கிறார். ஊர் திரும்பியதும் பிள்ளைகளோடு போய்ப் பார்த்தோம். "கணக்கு முடிஞ்சிச்சுல்ல சாமி?" என்று கேட்டார். "இரண்டு கணக்கும் முடிஞ்சிச்சு பாட்டி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டார்.

அன்புச் சகோதரிகளே! உங்கள் வீட்டில் யாரும் ஹஜ்ஜுக்கோ, படிப்புக்கோ, தொழிலுக்கோ பயணம் புறப்பட்டால், நீங்களும் ஒரு கொப்பியை எடுங்கள். விருந்துக்குப் போகும் வீடுகளை எழுதுமுன், கொடுக்கல் வாங்கல் உள்ள வீடுகளை எழுதுங்கள். போக மனம் வராத வீடு எதுவோ, அதை முதலாவதாக எழுதுங்கள். உங்கள் கணவரின் சகோதரிக்கோ, உங்கள் சகோதரிக்கோ சேரவேண்டிய பங்கு உங்கள் வீட்டில் தங்கியிருந்தால், என் மனைவி கேட்டதுபோல் ஒரு கேள்வி கேளுங்கள். சண்டை வேண்டாம், ஒரு கேள்வி போதும். உங்களுக்கே உரிய பங்கைப் பற்றிச் சபையில் பேச்சு வந்தால், கதவுக்குப் பின்னால் அவசரப்பட்டுச் 'சரி' சொல்லிவிடாதீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு மார்க்கம் உரிமை தந்திருக்கிறது. உறவைப் பேணுகிறவர் என்பவர், வந்தவர் வீட்டுக்குப் பதிலுக்குப் போகிறவர் அல்லர், அறுந்துபோன உறவைத் தேடிப்போய்ச் சேர்க்கிறவரே என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த கருத்து.

பயணம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடவுச்சீட்டும் விமானச் சீட்டும் இல்லாத ஒரு பயணம் நம் எல்லோருக்கும் எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு நாள் குறித்து யாரும் அறிவிப்பதில்லை. அதற்கு முன் கணக்கை முடித்துக்கொள்ளும் பாக்கியத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.